ஆறு வாரத்துக்கு நிறுத்திய வண்டி

ஜூன் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் இல்லாத நாட்களில் இங்கே நடப்பதை நடந்தபடியே எழுதுவேன், ஒன்றும் கூட்ட மாட்டேன், ஒன்றும் குறைக்க மாட்டேன் என்று முதல் கடிதத்திலேயே உறுதி சொல்கிறேன். ரயில் ஏறும் முன் நீங்கள் கேட்டது அதைத்தானே? "போன்ல பேசினா நீ அழுவே, உன்னைக் கேட்டு நானும் அழுவேன், கடைசியில வண்டியப் பத்தி ஒண்ணுமே தெரியாது. நீ எழுது."

அம்மாவும் நானும் சுகம். அம்மாவுக்குத் தலைவலி, ஆனால் கேட்டால் இல்லை என்பாள். உங்கள் இடக்கண்ணில் இறங்கிய கறுப்புத் திரை அதே இடத்தில் நிற்கிறதா, இன்னும் கீழே வந்துவிட்டதா? ஆபரேஷன் என்றைக்கு? துணைக்கு யாரையும் தங்க விடாத ஆஸ்பத்திரியில் உங்களுக்குத் தண்ணீர் எடுத்துத் தருவது யார்?

உங்களிடம் கார் ஓட்டப் படிக்கும் பேக்கரிக்காரர் நேற்று வந்தார். அன்றைக்குப் பாடத்தின் நடுவில் நடந்ததை அம்மாவிடம் மூன்றாம் தடவையாகச் சொன்னார். "மாஸ்டர் எப்பவும் கத்துவாரும்மா. அன்னிக்கு மெல்லமா, 'வண்டிய ஓரங்கட்டுங்க, எனக்கு ஒரு பக்கம் தெரியல'ன்னார். அவர் மெல்லமா பேசினதுதான் எனக்குப் பயமாயிடுச்சு." வண்டியை அவர்தான் ஷெட்டில் கொண்டுவந்து விட்டாராம். ரிவர்ஸ் கற்றுக்கொள்ளாததால் மூக்கை உள்ளே நுழைத்து, கோணலாக நிறுத்தியிருக்கிறார். வண்டியின் கூரைமேல் பயிற்சிப் பலகை இன்னும் இருக்கிறது. போகும்போது, "மாஸ்டர் வர்ற வரைக்கும் நான் முன்னாடியே போய்க்கிட்டு இருக்க வேண்டியதுதானா?" என்று கேட்டார். அம்மா சிரித்தாள். நீங்கள் போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

ஆறு வாரம் சும்மா நின்றால் வண்டி கெட்டுப்போகுமா? டேஷ்போர்டுப் பெட்டியிலிருந்த கையேட்டை எடுத்து வந்து படித்துக்கொண்டிருக்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
உங்கள் மகள்


ஜூன் 9

என் அன்பு வாத்தியாரம்மாவுக்கு,

அப்பா நன்றாக இருக்கிறேன். சாப்பாடு வேளைக்கு வருகிறது. உப்புத்தான் வழி தவறிவிடுகிறது. ஒற்றைக் கண்ணால் எழுதுவதால் வரிகள் ஏணி ஏறும், சிரிக்காதே, சிவப்பு மையால் திருத்தியும் அனுப்பாதே. பக்கத்துக் கட்டிலில் ஒரு தையல்காரர் இருக்கிறார். அவருக்கு வலக்கண், எனக்கு இடக்கண். "ரெண்டு பேரையும் சேர்த்துத் தைச்சா ஒரு முழு ஆள் தேறும் மாஸ்டர்" என்கிறார்.

ஆபரேஷன் பதிமூன்றாம் தேதி. ஆறு வாரத்தில் வீடு. ஏழாவது வாரம் என்ற பேச்சே இல்லை.

நிற்கிற வண்டி ஓடுகிற வண்டியைவிடச் சீக்கிரம் கெடும். அதனால் கவனமாகக் கேள். முதலில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒருநாள் காய விடுங்கள். மெக்கானிக்கைக் கூப்பிட்டு வண்டியை நேராக்கி, டாங்கை நிரப்பி, டயரில் காற்று முப்பது வைப்பதை முப்பத்தைந்து வைக்கச் சொல். கைப்பிரேக்கைப் போடாதே, போட்டால் அது பிடித்த பிடியை விடாது. முதல் கியரில் விட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் அண்டை கொடு. பேட்டரியில் கறுப்பு வயரை மட்டும் கழற்றி ஓரமாக ஒதுக்கு. சிவப்பைத் தொடாதே. கண்ணாடியை ஒரு விரல் இறக்கி வை. புகைக்குழாயில் எலி போகாமல் துணியை அடை. மூடுவதற்குப் பருத்தித் துணிதான், பிளாஸ்டிக் போட்டால் வியர்த்துத் துருப்பிடிக்கும். பத்து நாளுக்கு ஒரு தடவை அம்மாவும் நீயும் அரைச் சக்கரம் உருட்டி விடுங்கள், டயர் ஒரே இடத்தில் தட்டையாகாமல் இருக்கும்.

இவ்வளவுதான். ஆறு வாரத்துக்கு இது போதும்.

அம்மாவின் தலைவலிக்கு மாத்திரை வாங்கிக் கொடு. இல்லை என்பாள், கொடு.
அப்பா


ஜூன் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் ஏணி வரிகள் சுகமாக வந்து சேர்ந்தன. இரண்டு எழுத்துப்பிழைகளை மன்னித்துவிட்டேன். அம்மா மாத்திரை போட்டுக்கொண்டாள். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று நேற்று போனில் சொன்னார்களாம். நல்லபடி என்றால் எந்த அளவு என்று கேட்டேன். "நல்லபடின்னா நல்லபடிதான், அதுக்கு அளவுகோலா வச்சிருக்காங்க?" என்றாள் அம்மா.

எல்லாம் செய்தாகிவிட்டது. கழுவியது இரண்டு மணி நேரம். மாஸ்டர் சீட்டின் அடியில் வேர்க்கடலைத் தோல் ஒரு கைப்பிடி கிடைத்தது. பேக்கரிக்காரரைக் கேட்டேன், "பாடத்துல எனக்கு மூச்சு விடவே நேரமில்ல, கடலை எங்க தின்னேன்?" என்கிறார். ஆகவே குற்றவாளி நீங்கள்தான்.

கறுப்பு வயரை நானே கழற்றினேன். அம்மா பத்தடி தள்ளி நின்று, "தள்ளி நில்லு, தள்ளி நில்லு" என்றாள். தள்ளி நின்றால் எப்படிக் கழற்றுவது? புகைக்குழாயில் உங்கள் பழைய பனியனை அடைத்தேன். யாராவது மறந்துபோய் இன்ஜினைப் போட்டுவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. அதனால், 'புகைக்குழாயில் துணி இருக்கிறது. எடுக்காமல் சாவியைத் திருப்பக் கூடாது' என்று ஒரு காகிதச் சீட்டில் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டியிருக்கிறேன்.

"திருடன் வந்தா இதைப் படிச்சிட்டுத்தான் எடுப்பானா?" என்றாள் அம்மா.

"படிக்காம எடுத்தா இன்ஜின் மூச்சு முட்டி நின்னுடும்மா."

"அப்ப நல்லதுதானேடி! சீட்டைக் கழட்டு."

கழற்றவில்லை. வண்டியை மூடியபோது ஓரங்களை உள்ளே செருகினேன். "வண்டிக்குப் போத்துறியா, பச்சைப் பிள்ளைக்குப் போத்துறியா?" என்று கேட்டவள், கொஞ்ச நேரம் கழித்து மறுபக்க ஓரத்தைத் தானே செருகினாள்.

கையேட்டில் 112ஆம் பக்கத்தில் வண்டியை நிறுத்திவைப்பது பற்றி இரண்டு கட்டங்கள் போட்டிருக்கிறார்கள். இடது கட்டம் எட்டு வாரம் வரை. நீங்கள் சொன்னதெல்லாம் அதில் வரிசை மாறாமல் இருக்கிறது. கையேட்டைப் பார்க்காமலே எப்படி எழுதினீர்கள்? எனக்குப் பெருமையாக இருந்தது.

கண்கட்டை எப்போது அவிழ்ப்பார்கள்? உடனே எழுதுங்கள்.
உங்கள் மகள்


ஜூன் 26

மாஸ்டரின் மகளுக்கு ஆசிகள்.

இது பக்கத்துக் கட்டில் தையல்காரர் எழுதுவது. சொல்வது உன் அப்பா, எழுதுவது நான். என் எழுத்து தையல் போல இருக்கும். வளைவு கூடும், உடையாது.

அப்பா நலம். அவர் இரவும் பகலும் குப்புறப் படுத்திருக்க வேண்டும் என்பது டாக்டர் கட்டளை. கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழி வைத்திருக்கிறார்கள், அது உள்ளிருந்து அழுத்தி, பிரிந்துபோன விழித்திரையை ஒட்ட வைக்குமாம். அதனால்தான் பதில் தாமதம். தரையில் எத்தனை ஓடு, எந்த ஓட்டில் விரிசல் என்று கேள், உடனே சொல்வார். நர்சுகளைச் செருப்பை வைத்து அடையாளம் சொல்கிறார்.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். திருடன் வரும் இடத்தில் அவர் குலுங்கிச் சிரிக்க, நர்ஸ் ஓடிவந்து என்னைத் திட்டினாள். கடலைக் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொன்னார். வண்டியை உருட்ட மறக்காதே என்கிறார். அம்மா சரியாகச் சாப்பிடுகிறாளா என்று கேட்கிறார்.

கண் எப்படி இருக்கிறது என்று நீ கேட்டதற்கு, "பார்த்துக்கிட்டு இருக்காங்கன்னு எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
அப்பா (கை: தையல்காரர்)


ஜூலை 1

அன்புள்ள அப்பாவுக்கு,

குப்புறப் படுத்திருந்தால் கழுத்து வலிக்காதா? தையல்கார மாமாவுக்கு என் வணக்கம். அவருடைய கண்ணும் சீக்கிரம் குணமாக வேண்டும். நாங்கள் சுகம். பள்ளிக்கூடத்தில் மாதத் தேர்வு முடிந்தது, கணக்கில் மட்டும் மூன்று மதிப்பெண் போயிற்று.

நேற்று வண்டியை உருட்டினோம். அம்மா தள்ளினாள், நான் செங்கல்லை எடுத்து வைத்தேன். பேக்கரிக்காரர் வாரம் தவறாமல் வருகிறார். அவருக்கு வேறு பயிற்சிப் பள்ளியைச் சொல்லட்டுமா என்று அம்மா கேட்டதற்கு, "மாஸ்டர் திட்டாம எனக்கு ஓட்ட வராதும்மா" என்றார்.

ஒன்று கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மா உங்களோடும் டாக்டரோடும் போனில் பேசும்போது துணி காயும் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். போன வாரம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று எண்ணினேன். பதினேழு தடவை 'உம்' என்றாள், இரண்டு தடவை 'சரி' என்றாள். உள்ளே வந்து, "அப்பா நல்லா இருக்கார், உன்னைப் படிக்கச் சொன்னார்" என்றாள். பதினேழு 'உம்'முக்கு அவ்வளவுதான் செய்தியா?

ஒட்டுக்கேட்டது தப்பு என்று எனக்கே தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், உறுதி சொல்லியிருக்கிறேனே.

ஷெட்டில் எல்லாம் நன்றாக இருக்கிறது. எழுத வேறொன்றும் இல்லை. ஆறு வாரத்துக்கு இன்னும் பதினைந்து நாள்தான்.

உங்கள் மகள்


ஜூலை 15

வாத்தியாரம்மாவுக்கு அப்பாவின் அன்பு. எழுதுவது தையல்காரர்.

மூன்று வாரமாக எழுதாததற்கு மன்னித்துக்கொள். அப்பா நலம். இங்கே வெயில் குறைந்திருக்கிறது. புதிதாக வந்த நர்சின் செருப்பில் மணி கட்டியது போல ஒரு சத்தம். கணக்கில் போன மூன்று மதிப்பெண்ணைத் தேடிப் பிடி.

வண்டிக்கு இன்னும் சில வேலைகள் செய்துவிடுங்கள். பேட்டரியை அடியோடு கழற்றி, வீட்டுக்குள் பலகைமேல் வைக்க வேண்டும். மெக்கானிக்கிடம் சொல்லி நான்கு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி நிறுத்த வேண்டும். இன்ஜினின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துளைக்கு இரண்டு சொட்டு ஆயில் விட்டு மூட வேண்டும். கிளட்ச் மிதியை அமுக்கி, நடுவில் ஒரு கட்டை கொடுத்துவிடு, தட்டு ஒட்டிக்கொள்ளாது. இனி உருட்ட வேண்டிய வேலை இல்லை.

அவசரம் ஒன்றுமில்லை. சும்மா ஒரு முன்ஜாக்கிரதைக்குத்தான்.

அம்மாவைக் கடுமையாகக் கேள்வி கேட்காதே.
அப்பா

அடிக்குறிப்பு: சொன்னதை எழுதினேன் அம்மா. அளவு எடுப்பது மட்டும்தான் என் வேலை. - தையல்காரர்


ஜூலை 18

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்தாகிவிட்டது. தேர்வுக்குப் படிக்க வேண்டியிருப்பதால் சுருக்கமாக முடிக்கிறேன். தையல்கார மாமாவுக்கு வணக்கம்.

உங்கள் மகள்


ஜூலை 23

அன்புள்ள அப்பாவுக்கு,

போன கடிதத்தில் நான் எழுதியது பொய். ஐந்து நாளாகச் சோறு இறங்கவில்லை. முழுவதையும் எழுதிவிடுகிறேன், பிறகு நீங்கள் திட்டலாம்.

முதல் பொய் அதற்கும் முந்தையது. ஜூன் 28ஆம் தேதி பானட்டைத் திறந்து பார்த்தபோது, காற்று வடிகட்டிப் பெட்டி ஓரத்தில் எலி கூடு கட்டியிருந்தது. உங்கள் பனியனின் பாதியைப் புகைக்குழாயிலிருந்து கிழித்துக்கொண்டு வந்து மெத்தை போட்டிருந்தது. நான்கு குட்டிகள். கண்கூடத் திறக்கவில்லை. எனக்கு அவற்றைத் தொட மனம் வரவில்லை, மூடிவிட்டேன். மூன்று நாள் கழித்துக் கூடு காலி. ஆனால் குட்டிகளைத் தூக்கிப் போவதற்கு முன் தாய் எலி ஹாரன் வயரைக் கடித்துவிட்டுப் போயிருக்கிறது. இதைத்தான் ஜூலை 1ஆம் தேதி, 'எழுத வேறொன்றும் இல்லை' என்று எழுதினேன். நீங்கள் குப்புறப் படுத்துக்கொண்டு எலியை நினைத்துக் கவலைப்படுவீர்களே என்று விட்டுவிட்டேன்.

அந்த வரியை எழுத எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. ஒன்றை மறைக்கும்போது அதற்குமுன் எலியோடு சம்பந்தமில்லாத நாலு விஷயத்தை எழுத வேண்டியிருந்தது. அதனால்தான், அப்பா, உங்கள் கடிதத்தில் வெயிலும் நர்ஸ் செருப்பும் முதலில் வந்தபோது நீங்களும் எதையோ மறைக்கிறீர்கள் என்று தோன்றியது.

பிறகு கையேட்டை எடுத்துப் பார்த்தேன். பேட்டரியை வீட்டுக்குள் வைப்பது, ஸ்டாண்டுமேல் தூக்குவது, பிளக்கில் ஆயில், கிளட்சுக்குக் கட்டை, நான்கும் 112ஆம் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் இடது கட்டத்தில் இல்லை. வலது கட்டத்தில் இருக்கின்றன. அதன் தலைப்பு, 'மூன்று மாதமும் அதற்கு மேலும்.'

நீங்கள் வலது கட்டத்திலிருந்து எழுதுகிறீர்கள், அப்பா.

சனிக்கிழமை மெக்கானிக் மாமா ஸ்டாண்டுகளோடு வந்தார். நான் வண்டியை மூடிய போர்வைக்குள், பின்சீட்டில் உட்கார்ந்து ஈரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் உள்ளே இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

"தூக்கி நிறுத்தச் சொன்னாரா மாஸ்டர்? அப்ப வண்டி இப்போதைக்கு இறங்காது" என்றார் அவர்.

"மெல்லப் பேசுங்கண்ணே. ரெண்டாவது ஆபரேஷன் பத்தி அவளுக்குத் தெரியாது."

நான் போர்வையை விலக்கிக்கொண்டு இறங்கினேன். மெக்கானிக் மாமா கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டார். "எந்த ரெண்டாவது ஆபரேஷன்?" என்று கேட்டேன். அம்மா கீழே விழுந்த ஸ்பேனரைக் குனிந்து எடுத்தாள். நான் டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"இறங்கும்மா கண்ணு, எனக்கு வேற வேலை இருக்கு" என்றார் மாமா.

"ஆறு வாரம்னுதான் அப்பா சொல்லிட்டுப் போனாங்க. இன்னும் எட்டு வாரமே ஆகல. எட்டு வாரம் வரைக்கும் இடது கட்டம்தான்."

"என்னம்மா கட்டம், ஜாதகமா?" என்றார் அவர் அம்மாவிடம்.

அம்மா ஜன்னலருகே வந்து கண்ணாடியில் விட்டிருந்த விரல் இடைவெளி வழியாகப் பேசினாள். "இறங்குடி. எனக்கும் தெரியல. கேட்டா எங்கிட்டயும் உம் கொட்டுற மாதிரிதான் சொல்றாங்க." அழுதாளா என்று போர்வையின் நிழலில் தெரியவில்லை.

மாமா ஸ்டாண்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வண்டி நான்கு சக்கரத்தில்தான் நிற்கிறது. பேட்டரி அதன் இடத்திலேயே இருக்கிறது. நேற்றும் அரைச் சக்கரம் உருட்டினோம்.

உங்கள் கண் தெரிகிறதா, இல்லையா? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். வேறெதுவும் எழுத வேண்டாம்.

உங்கள் மகள்


ஜூலை 28

மாஸ்டரின் மகளுக்கு,

இது நானே, என் பேரில் எழுதுவது. என் கட்டை அவிழ்த்துவிட்டார்கள், பார்வை மங்கலாக வருகிறது, நலம். அம்மாவுக்கு என் விசாரிப்புகள்.

உன் கடிதத்தை வாசித்தேன். எலிக்குட்டி வந்த இடத்தில் உன் அப்பா சிரித்தார். வலது கட்டம் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.   அப்புறம், "மிச்சத்தையும் வாசிங்க" என்றார். வாசித்தேன். "இன்னொரு தடவை" என்றார். வாசித்தேன்.

அன்றிரவு சாப்பாட்டைத் தொடவில்லை. மறுநாள் காலையில் தாளும் பேனாவும் கேட்டார். "சொல்லுங்க, எழுதறேன்" என்றேன். "வேண்டாம், இதுல உங்க தையல் வேண்டாம்" என்றார். இரண்டு நாளாக எழுதுகிறார், கிழிக்கிறார். தாள் நான்தான் வாங்கி வருகிறேன்.

அதற்குள் நீ பயந்துவிடக் கூடாதே என்று இதை முந்தி அனுப்புகிறேன். உயிருக்கு ஒன்றும் இல்லை. சாப்பிடு.

தையல்காரர்


ஜூலை 30

மகளே,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது வாய் இல்லை. நீ கேட்டதற்குப் பதில்.

இடக்கண் தெரியவில்லை. முதல் ஆபரேஷனில் ஒட்டிய திரை மறுபடி பிரிந்தது. ஜூலை 8ஆம் தேதி இன்னொரு தடவை செய்தார்கள். வெளிச்சம் இருக்கிறது, இல்லை என்பது மட்டும் தெரியும். உருவம் தெரியாது. இனியும் தெரியாது என்கிறார்கள்.

வலக்கண் நன்றாக இருக்கிறது. அதிலும் திரை பிரியாமல் இருக்க ஓரங்களில் ஏதோ வைத்தியம் செய்திருக்கிறார்கள். ஆனால் ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடாது. தம்ளர் இங்கே இருக்கிறது என்று கை வைத்தால் அங்கே இருக்கிறது. மூன்று மாதம் வண்டியைத் தொடக் கூடாது. பிறகு சோதனை வைப்பார்கள். ஓட்டலாம் என்றும் சொல்லலாம், கூடாது என்றும் சொல்லலாம். மற்றவருக்குக் கற்றுக்கொடுப்பது அதைவிடச் சந்தேகம்.

வண்டியை விற்றுவிடு என்று சொல்ல வாய் வரவில்லை. ஆறு வாரம் என்று மறுபடி சொல்ல மனசாட்சி விடவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு பேட்டரியைக் கழற்று என்றேன். நீ கையேடு படிக்கிற பிள்ளை என்பதை மறந்துவிட்டேன்.

அம்மாவுக்கு முழுதும் நான் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டு. எனக்கு முடியாது.

ஆகஸ்ட் 7ஆம் தேதி காலை ரயிலில் வருகிறேன்.

அப்பா


ஆகஸ்ட் 9

அன்புள்ள தையல்கார மாமாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். உங்கள் மங்கல் தெளிந்துவிட்டதா? அப்பா இன்னும் காலையில் எழுந்ததும், "பக்கத்துக் கட்டில்ல சத்தமே இல்லையே" என்கிறார்.

நடந்ததை உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. அப்பாவின் கடிதங்களில் பாதி உங்கள் கையால் வந்தவை.

ரயிலிலிருந்து அப்பா இறங்கும்போது படி இருக்கும் உயரம் பிடிபடாமல் காலைக் காற்றில் ஒரு நொடி வைத்திருந்தார். அம்மா தோளைக் கொடுத்தாள். வீட்டில் தேநீர் ஊற்றியபோது பாதி தம்ளரிலும் பாதி மேசையிலும் விழுந்தது. அம்மா துடைத்துவிட்டு, "உங்க வாத்தியார் வேலையெல்லாம் மேசைகிட்ட காட்டாதீங்க" என்றாள். அப்பா சிரிக்கப் பார்த்தார். அன்று முழுவதும் ஷெட்டின் பக்கம் போகவே இல்லை. சாவி என் சட்டைப்பையில் இருந்தது. அவரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

மறுநாள் பேக்கரிக்காரர் வந்தார். அப்பா அவரிடம், "வேற பள்ளிக்கூடம் பாருங்க. நான் இனிமே கத்துக்கொடுப்பேனான்னு தெரியாது" என்றார்.

பேக்கரிக்காரர் எழுந்தார். "சரி மாஸ்டர்" என்றார். வாசலில் நின்று, "அங்க திட்டலேன்னா திரும்பி வந்துடுவேன்" என்றார்.

அவர் போன பிறகுதான் அப்பா என்னிடம் கையை நீட்டினார். சாவியை வைத்தேன்.

ஷெட்டில் போர்வையை இரண்டு பேரும் சேர்ந்து மடித்தோம். அப்பா சக்கரத்தைக் கையால் தடவி, "தட்டையாகல" என்றார். பிறகு நிமிராமலே, "ஏன் தூக்கி நிறுத்த விடல?" என்று கேட்டார்.

"தூக்கிட்டா நீங்க வரமாட்டீங்கன்னு நினைச்சேன்."

"நான் வர்றதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"தெரியல. அப்ப சம்பந்தம் இருந்துச்சு."

அவர் டயரை விட்டு எழுந்தார். "இப்ப நாம ரெண்டு பேரும் சேர்ந்து மூணு மாசத்துக்கு நிறுத்துவோம்" என்றார். "சும்மா முன்ஜாக்கிரதைக்கு இல்ல. மூணு மாசம்னா மூணு மாசம். சோதனையில தேறலேன்னா விக்கணும். அதை நானே உங்கிட்ட வாயால சொல்வேன். கடுதாசில எழுத மாட்டேன்."

சரி என்றேன். 

மெக்கானிக் மாமா ஸ்டாண்டுகளோடு மறுபடி வந்தார். என்னைப் பார்த்து, "இன்னிக்குக் கட்டம் எல்லாம் சரியா இருக்கா ஜோசியரே?" என்றார். ஹாரன் வயரை ஒட்டினார். பிளக்குகளுக்கு அப்பா ஆயில் விட்டார். முதல் சொட்டு வெளியே விழுந்தது. இரண்டாவதும் வெளியே. நான் கையை நீட்டினேன், அவர் வேண்டாம் என்று தலையை அசைத்தார். நீட்டிய கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். மூன்றாவது உள்ளே விழுந்தது. கிளட்சுக்குக் கட்டை கொடுத்தது அம்மா. நான்கு சக்கரமும் தரையை விட்டு மேலே வந்தபோது எனக்கு நான் நினைத்த அளவு பயம் வரவில்லை. ஆனால் பயமே இல்லை என்று எழுதினால் அது பொய்.

மிச்சம் பேட்டரி மட்டும்தான். அம்மாவும் மெக்கானிக் மாமாவும் உள்ளே கை கழுவப் போனார்கள். அப்பா கறுப்பு வயரை மாட்டச் சொன்னார். "கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை லைட்டைப் போடு" என்றார்.

போட்டேன். வண்டி சுவரைப் பார்த்து நிற்கிறதல்லவா, இரண்டு வெளிச்ச வட்டங்கள் சுவரில் விழுந்தன. அப்பா அவற்றைப் பார்த்துக்கொண்டே நடந்து போய், ஒரு வட்டத்தின் நடுவைத் தொடக் கையை நீட்டினார். கை சுவருக்கு ஒரு ஜாண் முன்னாலேயே நின்றுவிட்டது. தொட்டுவிட்டோம் என்று நினைத்து உள்ளங்கையை விரித்தார். அங்கே ஒன்றும் இல்லை. மெல்ல முன்னால் நகர்த்தினார், சுவர் வந்தது.

திரும்பி வண்டிவரை நடந்து வந்து, மறுபடி போனார். இந்தத் தடவை நாலு விரல் தப்பியது. "குறையுது" என்றார் என்னைப் பார்க்காமல். மூன்றாம் தடவை மறுபடி ஒரு ஜாண்.  நான்காம் தடவை போகவில்லை. வண்டியின்மேல் சாய்ந்து நின்று, "ரெண்டு வட்டமும் நல்லாத் தெரியுது. அது எங்க இருக்குன்னுதான் தெரியல" என்றார். பிறகு, "நாளைக்கு மறுபடி பார்க்கலாம். வெறும் சுவர் போதும், அதுக்கு லைட் வேண்டாம்" என்றார்.

அணைக்கட்டுமா என்று கேட்டேன். சுவரைப் பார்த்தபடியே சரி என்று தலையசைத்தார்.

விளக்குகளை நான்தான் அணைத்தேன்.